பின்னால் வருகிற அலை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் அந்த வாத்தியார் என் முகத்தைப் பார்த்தது பத்து நாள் இருந்தால் அதிகம். அப்படிப்பட்ட நான்தான் குரங்கணிக்கு மேலே, கழுதையே நின்று யோசித்து ஏறுகிற சரிவில் ஜீப்பு ரோடு வெட்டினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. தலைச்சுமையாக ஏலக்காய் மூட்டை இறக்கியவன், பிறகு கிணற்று வேட்டு வைத்தவன், பிறகு காண்ட்ராக்டர். போடி கடைவீதியில் நான் நடந்தால் இன்றைக்கும் பாதிக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மீதிப் பாதி என்னிடம் தோற்றவர்கள்.

நான் தோற்றது ஒரே ஒரு ஆளிடம். அவர் பெயரை எழுத மாட்டேன். தன் பெயர் எந்தக் காகிதத்திலாவது இருந்தால் அது எதற்கு என்று நூறு கேள்வி கேட்கிற மனுஷன். மலையில் எல்லாரும் வயர்க்காரர் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ராசிங்காபுரத்தில் கடலை விதைக்கிற குடும்பம். எழுபதுகளில், நிலத்தைத் தோண்டாமலே கீழே என்ன இருக்கிறதென்று பார்க்கிற ஒரு சர்வே கூட்டத்தில் வயர் சுமக்கச் சேர்ந்தார். அந்த வேலை இப்படி. தரையில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அடித்த இடத்திலிருந்து வரிசையாக, அடியில் ஆணி வைத்த சின்னச் சின்னக் குப்பிகளை மண்ணில் குத்தி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலிருந்தும் வயர் ஒரு பெட்டிக்குப் போகும். அடியின் அதிர்வு ஒவ்வொரு குப்பிக்கும் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று பெட்டி ஒரு நீளக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்துத் தரும். அதை வைத்து, பாறை எத்தனை ஆழத்தில் என்று ஆபீசர் சொல்வார்.

வயர்க்காரரிடம் ஒரு பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் உள்ளே நுழையும் முன் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். டீக்கடை, ரேஷன் கடை, கோயில், எல்லாம் ஒன்றுதான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் தட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். பெண்ணின் அப்பா, "என்ன மாப்ளே, காலுல முள்ளா?" என்று கேட்டார்.

"முள்ளு இல்லங்க. இந்தப் பக்கம் பழைய கெணறு எதையும் தூத்திருக்கீங்களா?"

காபி வந்தது, குடித்தோம், கிளம்பினோம். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏன்யா, கெணறு இருந்தா ஒனக்கென்ன, இல்லாட்டி ஒனக்கென்ன? நீ பொண்ணு பாக்க வந்தியா, கெணறு பாக்க வந்தியா?"

"கெணத்து மேலதான் மாமா அந்தப் புள்ளைய ஒக்கார வச்சிருந்தாங்க."

அவருக்குக் கல்யாணம் ஆக அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆனது. கிணறு இருந்ததா என்று நான் விசாரித்தேன். இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொன்னபோது சந்தோஷப்படவில்லை. "குதிகாலு பொய்யும் சொல்லும் மாமா. வயரு வச்சாத்தான் சாட்சி" என்றார். ஜெயித்ததைக்கூட ஒத்துக்கொள்ளாத ஆளை என்ன செய்வது.

இன்னொரு கிறுக்கு, குப்பை சேர்ப்பது. சம்மட்டி அடித்ததும் முதலில் ஒரு சின்ன அதிர்வு வெரசா ஓடி வந்து குப்பியைத் தொடும். ஆபீசருக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதற்குப் பின்னால் மெதுவாக, பெரிதாக, தரையின் மேலோட்டமாகவே உருண்டு ஒரு அலை வரும். காகிதத்தில் அது வந்தால் கோடெல்லாம் கொந்தளித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஆபீசர் அந்தப் பகுதியைக் கத்தரித்துப் போட்டுவிடுவார். வயர்க்காரர் அதைப் பொறுக்கி ஒரு தகரப் பெட்டியில் அடுக்குவார்.

"குப்பையப் போயி ஏன் மாப்ளே சொமக்குறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால ஓடியாரவன் சும்மா சேதி சொல்லிட்டுப் போறவன் மாமா. வீட்ட ஆட்டுறது பின்னால வர்றவன்தான். அவனப் பாக்காம என்ன சர்வே?"

அந்த அலையிலும் குட்டை உண்டு, நெட்டை உண்டாம். குட்டை அலை மேல்மண்ணிலேயே மிதந்து போய்விடும். நெட்டை அலை ஆழம் வரைக்கும் தொட்டுக்கொண்டு போகும். ஓடையில் இறங்கினால் சின்னப் பிள்ளை மிதக்கும், வளர்ந்தவன் காலில் அடிமணல் படும், அது மாதிரி. மேலே பொதபொதப்பும் கீழே பாறையும் இருந்தால், கீழே கால் பட்டவன் வேகமாகப் போவான், மேலே மிதந்தவன் பின்தங்குவான். யார் எவ்வளவு பின்தங்கினான் என்று பார்த்தால் அடுக்கு தெரிந்துபோகும். அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான், எனக்குப் புரிந்ததும் அவ்வளவுதான். என்னைவிடப் படித்தவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். நான் கண்ணால் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் என் ரோடு ஒரு ஏலக்காய் எஸ்டேட்டின் எல்லைக்கு வந்து, ஒரு பாறை முட்டில் இடித்து நின்றது. அந்த முட்டை உடைத்தால்தான் எஸ்டேட்டுக்குள் ஜீப்பு போகும். முட்டுக்கு அந்தப் பக்கம், நூறு எட்டில், தொழிலாளிகளின் லயம். ஒரே வரிசையில் பத்து வீடு, பாறை மேலேயே கட்டியது. இன்னும் முந்நூறு எட்டுத் தள்ளி, ஒரு பள்ளத்தை நிரவிய இடத்தில் ஏலக்காய் ஸ்டோர். காய் உலர்த்துகிற பெரிய கட்டடம். இரண்டு முழ கனத்துக்குக் கல்சுவர், மேலே தகரம்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம். நான் வேட்டு வைக்கிற நேரத்தில் லயத்துப் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். விசில் ஊதி, கொடி இறங்கின பிறகுதான் திறப்பார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவிடக் கூடாது, தூரமாகவும் இருக்க வேண்டும், சுவரும் கனம். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. வேட்டுக்காரன் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே தூர ஓடு என்பதுதான்.

அதுவரை வைத்ததெல்லாம் இரண்டு துளை, மூன்று துளை. அந்தப் பாறை முட்டை உடைக்க இருபது துளையை ஒரே நேரத்தில் வெடிக்க வேண்டும். அதற்கு நான்கு நாள் முன்னால் வயர்க்காரர் என் கொட்டகைக்கு வந்தார். சர்வே கூட்டமும் அப்போது அதே எஸ்டேட்டில்தான் தங்கியிருந்தது. ஆபீசர் ஏதோ சோலியாகப் போடிக்கு இறங்கியிருந்தார். பெட்டியும் வயரும் இவர் பொறுப்பில்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேப்பைக் களி. என் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். களியை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டின் எதிர் ஓரத்தை விரலால் சுண்டினார்.

"தட்டு ஆடுச்சா மாமா?"

"இல்ல."

"களி?"

களி நடுங்கிக்கொண்டிருந்தது. விரலை எடுத்த பிறகும் நடுங்கியது.

"சுண்டுன எடத்துக்குப் பக்கம் தட்டு. தூரத்துல களி. எது ஆடுச்சு?"

"ஏய், நான் திங்கணும். கொண்டா தட்ட."

தட்டைத் தரவில்லை. மடியிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்து விரித்தார். முந்தின நாள் நான் வைத்த மூன்று துளை வேட்டுக்கு லயத்தில் ஒரு குப்பி, ஸ்டோரில் ஒரு குப்பி என்று குத்தி வைத்திருக்கிறார், யாருக்கும் சொல்லாமல். லயத்துக் காகிதத்தில் விக்கல் மாதிரி ஒரு துடிப்பு, அவ்வளவுதான். ஸ்டோர்க் காகிதத்தில் கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி, காகிதம் முடிகிற வரைக்கும் அடங்கவில்லை.

"மூணு தொளைக்கே இது. இருவதுக்கு அந்தச் செவரு நிக்காது. உள்ள பொம்பளைங்களையும் புள்ளைகளையும் போட்டுப் பூட்டப் போறீங்க."

"யோவ், நூறு கெணத்துல வேட்டு வச்சவன் நான். தூரம் போனா அதிர்வு கொறையும்."

"நெலம் ஒண்ணா இருந்தா கொறையும். நெலம் எங்க மாமா ஒண்ணா இருக்கு? அடுக்கு. அந்த அடுக்கும் எடத்துக்கு எடம் கனம் மாறுது."

எஸ்டேட் மேனேஜரிடம் போனோம். மதுரைப் பக்கத்து ஆள், காலர் மடியாமல் நிற்கும். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க ஆபீசர் இதப் பாத்தாரா?" என்றார்.

"ஆபீசர் இத வெட்டிப் போட்டுருவாரு சார்."

"அப்ப நானும் போட்டுர்றேன்" என்று காகிதத்தைக் கூடையில் போட்டார். வயர்க்காரர் குனிந்து எடுத்துக்கொண்டார். குப்பைக்கூடையில் கை விடுவது அவருக்குப் பழக்கம்தானே.

வெளியே வந்ததும் என்னிடம் ஒன்று கேட்டார். "கல்லு பறக்குறது ஒங்க கணக்கு. லயத்துக்கு மேல ஒரு பாறை குடை மாதிரி நீட்டிட்டு இருக்குல்ல, அதுக்கடியில கல்லு வருமா?"

நான் போய்ப் பார்த்தேன். என் துளையெல்லாம் கீழே பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினவை. "ஒரு சில்லு வராது" என்றேன்.

"பாதி நீங்க சொல்லிட்டீங்க. மீதி நான் சொல்லிட்டேன். இனி ஒங்க இஷ்டம்."

வேட்டு நாள் காலை. கொடி ஏற்றிவிட்டேன். லயத்திலிருந்து பொம்பளைகளும் பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். ஸ்டோர் வாசலில் வயர்க்காரர் உட்கார்ந்திருந்தார். கதவின் இரண்டு வளையத்தையும் சேர்த்துக் கறுப்பு வயரால் இருபது சுற்றுச் சுற்றி, நுனியைத் தன் இடுப்பில் கட்டியிருந்தார்.

"எந்திரி" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார்."

"வேலை போயிரும்."

"போகட்டும் சார். பொம்பளைங்க அந்தக் கொடைப் பாறைக்கு அடியில போகட்டும். நான் எந்திரிக்கிறேன்."

"பக்கத்துல கொண்டு போயி வைக்கச் சொல்றான் பாரு. பைத்தியமாடா நீ?"

அப்போது காய் எடுக்கிற பொம்பளைகளுக்குக் கங்காணியாக இருந்த பேச்சி முன்னால் வந்தாள். நாற்பது வயசு, பாதித் தமிழ் பாதி மலையாளம் பேசுகிற வாய். மேனேஜரிடம் அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சாரே, நாங்க ஸ்டோர்ல காய் தரம் பிரிக்கும்போது வெளிய கோவேறு கழுத போனா தட்டுல காய் நடுங்கும். லயத்துல அதே கழுத வாசல ஒட்டித்தான் போகும். தூங்குற புள்ளகூட அசங்காது. இந்த வயரண்ணே சொன்ன பொறவுதான் அத யோசிச்சேன்."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இடம் பத்தவில்லை. "கொறச்சு தள்ளி இருங்கண்ணே" என்று அவரையே நகர்த்தினாள். பின்னால் வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "காண்ட்ராக்டர், இவன இழுத்துப் போடு. படிக்காத பயலுகள வச்சு வேலை பாத்தா இந்தக் கதிதான்."

பயலுகள் என்றார். ஒருத்தனைச் சொல்லவில்லை.

இருபது வருஷம் ஊரில் நான் சொன்ன கதை வேறு. வயர்க்காரர் சொன்னதை நான் நம்பினேன், அதனால் துணிந்து நின்றேன் என்று சொல்லித் திரிந்தேன். இப்போது வயசாகிவிட்டது, உள்ளதை எழுதுகிறேன். நான் நம்பவில்லை. அந்த 'பயலுகள்' என்ற சொல்தான் எனக்கு ஏறியது.

"என் வேட்டு சார் இது. என் கொடி. பொம்பளைங்க கொடைப் பாறைக்கு அடியில போற வரைக்கும் திரியில நெருப்பு படாது. நீங்க வேணும்னா ஸ்டோருக்குள்ள போயி இருங்க. நல்ல கனமான செவரு."

அவர் ஸ்டோருக்குள் போகவில்லை. தன் பங்களாவுக்குப் போனார். வயர்க்காரர் வயரைப் பிரித்து, சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டு பொம்பளைகளோடு நடந்தார்.

விசில் ஊதினேன். திரி பற்றியது. ஓடிப் பாறைக்குப் பின்னால் விழுந்தேன். என் வாழ்நாளில் நான் வைத்த பெரிய வேட்டு அது. குதிகாலில் ஒரு உதை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கல்லெல்லாம் நான் சொன்னபடியே பள்ளத்தாக்குக்குள் போனது. தலையைத் தூக்கி ஸ்டோரைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதன் கூரைத் தகரம் உதறிப்போட்ட வேட்டி மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடியது. ஓடி முடிந்து திரும்பவும் ஓடியது. பின்சுவர் வயிறு தள்ளியது. பிறகு அவசரமே இல்லாமல் உள்பக்கமாகப் படுத்தது. கூரை அதன்மேல் இறங்கியது. அடுப்புப் புகைக்கூண்டு கடைசியாக விழுந்தது. தூசி எங்கள் பக்கம் வந்தபோது ஏலக்காய் வாசம்.

குடைப்பாறைக்கு அடியில் பேச்சி பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஸ்டோருக்குள் யாரும் போகவே இல்லை, எல்லாரும் கண்ணெதிரில் நிற்கிறார்கள், இருந்தும் எண்ணினாள். முடித்துவிட்டு இரண்டாவது தடவை முதலிலிருந்து எண்ணினாள்.

இத்தோடு கதையை நிறுத்தினால் எனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு அப்படி நிறுத்த முடியாது.

ஸ்டோர் விழுந்ததற்கு விசாரணை வந்தது. காண்ட்ராக்டர் அளவுக்கு மீறி வெடிமருந்து வைத்தான் என்று மேனேஜர் சொன்னார். பள்ளத்தை மக்கலும் மண்ணும் போட்டு நிரவிக் கட்டியது உங்கள் தப்பு என்றேன் நான். வயர்க்காரரைக் கூப்பிட்டார்கள். எனக்கு நிம்மதி. நம்ம ஆள்.

"மருந்து அதிகமா?" என்று அவருடைய ஆபீசரே கேட்டார்.

"அதிகந்தான் சார். இருவது தொளைன்னாரு, இருவத்திரெண்டு வெடிச்சிருக்கு."

உண்மைதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காலையில் நான் இரண்டு கூட்டியிருந்தேன். எனக்கும் என் மேஸ்திரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இவர் எங்கேயோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

"அப்ப மண்ணு மேல தப்பு இல்லையே?"

"மண்ணும் தப்பு சார். இருவதுக்கே விழுந்திருக்கும்."

"ஏதாவது ஒண்ணச் சொல்லுய்யா. மலை முழுக்க ஒரே மண்ணுன்னு ரிப்போர்ட் போயாச்சு. ஒரே கையெழுத்து, முடிஞ்சது சோலி."

"ஒரே மண்ணு இல்லையே சார்."

வயர்க்காரர் கையெழுத்துப் போடவில்லை. அவர் வேலை போனது. என் காண்ட்ராக்ட்டும் போனது. அந்த ரோட்டில் கடைசி நான்கு வளைவு வேறு ஒருத்தன் பெயரில் இருக்கிறது. இருக்கட்டும். அந்தப் பாறை முட்டை உடைத்தது நான்.

மலையிலிருந்து இறங்கும்போது அவரைக் குரங்கணி டீக்கடையில் பிடித்தேன். உள்ளே நுழையும் முன் குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஒனக்காகத்தானய்யா நான் அன்னைக்கி நின்னேன். மண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு விட்டுருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தையில முடியுற விசயமா இருந்தா மாமா, நான் எதுக்கு அந்த வாசல்ல போயி உக்காந்தேன்?"

டீயைக் குடித்தார். பஸ்சுக்கு நின்றார். நான்கு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. ராசிங்காபுரம் வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடலைக் காட்டில் குனிந்து நிற்பார். அவராக வந்தும் பேசவில்லை.

எண்பதுகளில் நான் மறுபடி எழுந்து, போடியில் மெயின் ரோட்டு மேல் இடம் வாங்கினேன். வாஸ்து பார்த்தாயிற்று, கொத்தனார் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. பூஜைக்கு முதல்நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போனேன். ஏன் போனேன் என்று என் வீட்டுக்காரிக்கே சொல்லவில்லை.

"வா" என்றேன்.

"எங்க மாமா?" என்றார், நேற்றுத்தான் பேசிப் பிரிந்த மாதிரி.

அவரிடம் பெட்டி இல்லை, வயர் இல்லை. ஒரு சம்மட்டி, ஒரு இரும்புத் தகடு, என் வீட்டுக்காரியிடம் வாங்கிய இரண்டு பித்தளைத் தம்ளர். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி இடம் மாற்றி இடம் மாற்றி வைத்து, என்னை அடிக்கச் சொல்லி, அவர் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்தார். தெருவே கூடிச் சிரித்தது. காலையிலிருந்து உச்சி வரை அடித்தேன். எனக்கு அப்போதே நாற்பத்தெட்டு வயசு.

"மேற்கால மூணுல ஒரு பங்கு வேணாம் மாமா. வயரு இல்லாம சொல்றேன், என்னை நம்ப வேணாம். தோண்டிப் பாருங்க."

தோண்டினேன். ஆள் ஆழத்துக்குக் கறுப்பு மண், கந்தல், ஓட்டாஞ்சில்லு. எந்தக் காலத்திலோ ஓடிய வாய்க்காலைக் குப்பை கொட்டி மூடியிருக்கிறார்கள். கிழக்கில் இரண்டு முழத்தில் பாறை. பூஜையைத் தள்ளிப்போட்டேன், கோட்டை அழித்தேன், வீட்டைச் சுருக்கிக் கட்டினேன்.

அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் தகரப் பெட்டியை அவர் சம்சாரம் என்னிடம் கொடுத்தார். உள்ளே பூராவும் ஆபீசர் வெட்டிப் போட்ட காகிதம். எனக்கு ஒரு கோடும் படிக்கத் தெரியாது. நிலப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.

மேற்கே அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. மெயின் ரோட்டு மேல் இப்படி ஒரு இடத்தை எவனாவது சும்மா போடுவானா என்று ஊர் கேட்கிறது. இப்போது ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டலாம் அப்பா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டலாமாக இருக்கும். நான் இருக்கும்வரை நடக்காது. அன்றைக்கு ஸ்டோர் விழும்போது உள்ளே ஒருத்தரும் இல்லை. அந்த ஸ்டோர் காலியாக இருப்பதற்கு ஒரு மனுஷன் வாசலில் தன் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மேற்குப் பக்கமும் காலியாகவே இருக்கும். கேட்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் நடுவில் போய் நிற்கட்டும். தேனி லாரி ஒன்று போகிற வரைக்கும் நின்றால் போதும்.